நார் மில் தீயணைப்பு வண்டிக்கு மோட்டார் சைரனா, எலக்ட்ரானிக் சைரனா?

கொழிஞ்சாம்பாறை நார்மில்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் இடையில் தென்னை நார் மில் நடத்தும் நாங்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, பழைய லாரி ஒன்றை வாங்கி, அதில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றி, எங்கள் சுற்றுவட்டாரத்துக்கென ஒரு தீயணைப்பு வண்டியைக் கட்டி வருகிறோம். தை, மாசி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கீழ்காற்று வீசும் நாள்களில், களத்தில் காயும் நாரில் ஒரு பொறி விழுந்தால் அது எப்படி ஓடும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ அரசு வண்டி புறப்பட்டு வந்து சேரும் வரையில் தீயை ஓரிடத்தில் மடக்கி வைப்பதே எங்கள் நோக்கம். அரசுத் துறைக்கு மாற்றாக இதை நாங்கள் கருதவில்லை.

தொட்டி, பம்பு, ஹோஸ் ஆகியவற்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. சைரனில்தான் பேச்சு முற்றிவிட்டது. பாடி கட்டும் பட்டறைக்காரர், ஆம்புலன்ஸ்களில் வருவது போன்ற 100 வாட் எலக்ட்ரானிக் சைரனையும் கூரைமேல் ஒரு ஸ்பீக்கரையும் வைத்துவிடலாம் என்கிறார். எங்கள் பங்காளிகளில் ஒருவர், அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளின் வீடியோக்களை நிறையப் பார்ப்பவர், மோட்டார் சைரன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்த வண்டிகளின் முகப்பில் குரோம் பூச்சோடு உட்கார்ந்திருக்கும் பெரிய சைரனின் ஓலம் வேறு எந்த ஒலியிலும் வராது என்பது அவர் வாதம். எங்கள் மில்லில் ஷிப்ட் மாறும்போது ஒலிக்கும் பழைய சங்கின் ஒலி பல வயல்களைத் தாண்டிக் கேட்பதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். அது மோட்டார் சைரன்தான் என்பதால் எனக்கும் அவரை எளிதில் மறுக்க முடியவில்லை.

எங்கள் சாலை குறுகியது. இருபுறமும் தென்னந்தோப்பு, நடுநடுவே கவைச் சந்திப்புகள். வைக்கோல் லாரிகளும், கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு செல்லும் கார்களும், கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் அதில் ஓயாமல் ஓடுகின்றன. வண்டி 24 வோல்ட் மின்னமைப்பு கொண்டது. முன்னால் செல்லும் ஓட்டுநரின் காதில் உண்மையில் எது விழும்? செலவைவிட அதுதான் எங்களுக்கு முக்கியம்.

---

வேலந்தாவளம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எழுதியது:

வணக்கம் அண்ணா. லாரிகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் மின்வேலை செய்பவன் என்ற முறையில் நான் பேட்டரிப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒலியைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மோட்டார் சைரன் என்பது அடிப்படையில் காற்றை வெட்டும் ஓர் இயந்திரம். உள்ளே சுழலும் ரோட்டார், காற்றை நடுவில் இழுத்து விளிம்பை நோக்கி வீசுகிறது. விளிம்பில் வரிசையாகத் திறப்புகள் உள்ளன; அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டாரிலும் அதே போன்ற திறப்புகள் உள்ளன. இரண்டும் நேருக்கு நேர் வரும்போது காற்று வெளியே பீறிடுகிறது, விலகும்போது அடைபடுகிறது. 10 திறப்புகள் கொண்ட ரோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுழன்றால் நொடிக்கு 100 சுற்று, அதாவது நொடிக்கு 1,000 காற்றுத் துடிப்புகள். நாம் கேட்கும் சுருதி அதுதான். வேகம் ஏற ஏறச் சுருதி ஏறுகிறது, மின்சாரத்தை நிறுத்தினால் ரோட்டார் தன் எடையின் உந்தத்தில் சுழன்று மெல்ல மெல்ல இறங்குகிறது. உங்கள் பங்காளி விரும்பும் ஓலத்தின் இரகசியம் இவ்வளவே.

இவ்வளவு காற்றைத் தள்ளுவதற்கு ஆகும் மின்சாரம்தான் கவனிக்க வேண்டியது. அவர் வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் ஃபெடரல் சிக்னல் நிறுவனத்தின் க்யூ2பி வகைச் சைரனாக இருக்கும். அது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 100 ஆம்பியர் எடுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடவும் அதிகம். கணக்குப் போட்டால் 1,200 வாட். உங்கள் 24 வோல்ட் வண்டியில் அதே வேலைக்கு 50 ஆம்பியர் வேண்டும். அமெரிக்க வண்டிகளில் அதற்கேற்ற பெரிய ஆல்டர்னேட்டரை முதலிலேயே வைத்துக் கட்டுகிறார்கள். நம் பழைய லாரியின் ஆல்டர்னேட்டர் ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் பேட்டரி சார்ஜுக்கும் என்று அளந்து வைத்தது. வண்டி நெரிசலில் ஊர்ந்து இன்ஜின் மெதுவாக ஓடும் நேரத்தில்தான் சைரன் அதிகம் தேவைப்படும். அப்போதுதான் ஆல்டர்னேட்டர் மிகக் குறைவாக மின்சாரம் தரும். மீதி முழுவதும் பேட்டரியிலிருந்து போகும். தீ நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஏதோ காரணத்தால் இன்ஜின் நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், லாரியின் இன்ஜினிலிருந்து பி.டி.ஓ. (இன்ஜினின் சுழற்சியைப் பம்புக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வழியாக ஓடும் உங்கள் பம்பும் அதோடு நின்றுவிடும்.

100 வாட் எலக்ட்ரானிக் சைரன் 12 வோல்ட்டில் 8 முதல் 10 ஆம்பியருக்குள் முடித்துக்கொள்ளும். 24 வோல்ட்டில் அதில் பாதி. ஆனால் வாங்கும்போது ஆம்ப்ளிபையர் 24 வோல்ட்டுக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டைத் தனியாக இழுத்துக் கொடுக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. ஒரு பேட்டரி தேய்ந்தும் மற்றொன்று நிரம்பி வழிந்தும் சீக்கிரத்தில் இரண்டும் கெட்டுவிடும்.

மோட்டார் சைரன்தான் என்று நீங்கள் முடிவெடுத்தால், பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போடும் தரத்தில் சோலனாய்டு (மின்காந்த சுவிட்ச்) போடுங்கள். சிறிய ரிலேயைப் போட்டால் அதன் முனைகள் பொறி தட்டி ஒட்டிக்கொள்ளும். சுவிட்சை விட்டாலும் சைரன் நிற்காமல் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் என்பதால் கார்பன் பிரஷையும் பேரிங்கையும் அவ்வப்போது சுழற்றிப் பார்க்க ஆள் வேண்டும். உங்கள் மில்லில் பறக்கும் நார்த்தூசு ரோட்டாருக்குள் புகுந்து பிரஷ் கரியோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

---

ஓய்வுபெற்ற டிரைவர் மெக்கானிக், பொள்ளாச்சி எழுதியது:

தம்பி சொன்ன மின்கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் மோட்டார் சைரனுக்காக ஒருவராவது வாதாட வேண்டாமா? தீயணைப்புத் துறையில் வண்டி ஓட்டியவன் என்ற உரிமையில் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எலக்ட்ரானிக் ஹூட்டர் இன்று எந்த வண்டியில் இல்லை? ஆம்புலன்ஸில் இருக்கிறது, காவல் வண்டியில் இருக்கிறது, அரசியல் பிரமுகருக்கு முன்னால் செல்லும் காரில் இருக்கிறது. கேரளப் பக்கம் ஆம்புலன்ஸ் நடமாட்டம் அதிகம் என்பதால் அந்தச் சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு அந்த ஒலி பழகிப் புளித்துவிட்டது. ஆனால் மோட்டார் சைரன் அடியிலிருந்து எழும்பி வரும்போது, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட எழுந்து சாலையைப் பார்ப்பார். அதன் ஒலிக்கு ஒரு கனம் உண்டு; காதுக்கு முன்னால் நெஞ்சில் தட்டும்.

இன்னொரு வசதியை ஓட்டியவர்கள்தான் அறிவார்கள். பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் போதும்; ரோட்டார் தானாகச் சுழன்று நெடுநேரம் ஒலி தந்துகொண்டே இருக்கும். வளைவில் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டிய வேளையில் இது சிறிய உதவியன்று. அதே குணம் எதிராகவும் வேலை செய்யும். மருத்துவமனை வாசலில் உடனே நிறுத்த முடியாது. அதற்கென்று பிரேக் வைத்த சைரன்கள் உண்டு. பிரேக் இல்லாததை வாங்காதீர்கள்.

எலக்ட்ரானிக் சைரனில் ஒரே ஒரு பொருளுக்காக நான் அதற்கு வணக்கம் சொல்வேன், அது மைக். மீனாட்சிபுரம் சாலையில் வைக்கோல் லாரி ஒன்று தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தபோது, அதற்குப் பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. எங்கள் சைரன் முழு வீச்சில் ஒலித்தும் யாரும் நகரவில்லை. நகர விருப்பமில்லாமல் அல்ல, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றார்கள். இடப்பக்கம் ஒதுங்கியவருக்கு எதிரே வலப்பக்கம் ஒதுங்கியவர் நின்று வழி மேலும் இறுகியது. அதிகாரி மைக்கை எடுத்து, முன்னால் இருந்த வண்டியின் நிறத்தைச் சொல்லி, இடதுபுறத் தோப்புக்குள் இறக்குங்கள் என்று தமிழில் ஒருமுறையும் மலையாளத்தில் ஒருமுறையும் சொன்னார். வரிசையாக வண்டிகள் இறங்கின. அந்த இடத்தில் எத்தனை டெசிபல் வைத்திருந்தாலும் அந்த வேலை நடந்திருக்காது.

எந்தச் சைரனை வைத்தாலும் கூரைமேல் மட்டும் வைக்காதீர்கள். உங்கள் பட்டறைக்காரர் சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளாத இடம் அதுதான். கூரையில் வைத்தால் கேபினுக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பேச வேண்டும். போன் பேச முடியாது. வழி சொல்பவர் சொல்வது ஓட்டுபவர் காதில் ஏறாது. பணிக்காலம் முடிந்த எங்களில் பலருக்குக் காதில் ஓயாத இரைச்சல் மிச்சமிருக்கிறது.

---

பாலக்காட்டு இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சைரனை முதலில் ஆய்வுக்கூடக் கருவியாகத்தான் வகுப்பில் சொல்லித் தருகிறோம். பிரெஞ்சு அறிஞர் காஞ்ஞார் த லா தூர் 1819இல் துளையிட்ட சுழல்தட்டு வழியாகக் காற்றைச் செலுத்தி, நொடிக்கு எத்தனை துடிப்போ அத்தனை சுருதி என்று காட்டியது அந்தக் கருவியால்தான். எலக்ட்ரீஷியன் தம்பி மேலே போட்ட 10 திறப்புக் கணக்கு அதே கணக்கு.

கேள்வி கேட்டவர் முன்னால் செல்லும் ஓட்டுநரின் காதில் உண்மையில் எது விழும் என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். மேலே பேசப்பட்ட பெரிய மோட்டார் சைரனின் ஒலி 10 அடி தூரத்தில் 123 டெசிபல் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 10 அடி என்பது ஏறத்தாழ 3 மீட்டர். ஆகவே 6 மீட்டரில் 117, 12 மீட்டரில் 111, 24 மீட்டரில் 105, 48 மீட்டரில் 99. கண்ணாடி ஏற்றிய காரின் உடல் இதில் சுமார் 30 டெசிபலைத் தடுத்துவிடும் என்று வைத்துக்கொண்டால் ஓட்டுநரின் காதுக்கு எஞ்சுவது 69. ஏ.சி. விசிறியும் சக்கர இரைச்சலும் பாட்டும் சேர்ந்து காருக்குள் இருக்கும் ஒலியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, நின்று கேட்பவரைத் திடுக்கிட வைக்கும் அதே சைரன், காருக்குள் இருப்பவருக்கு 50 மீட்டரில்தான் மெல்லத் தலைகாட்டுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 50 மீட்டரை 3 நொடிகளில் கடந்துவிடும். சந்திப்பில் குறுக்கே வரும் காருக்கு இதைவிடவும் நிலைமை மோசம். மூலைக் கட்டடம் ஒலியை மறைத்துக்கொள்ளும், சைரனின் வாயோ நேர் முன்னால் பார்த்திருக்கும்.

எலக்ட்ரானிக் சைரனும் நல்ல தரத்தில் இதே அளவுக்கு நெருங்கி வருகிறது. சில டெசிபல் வேறுபாட்டை வைத்து எது உயர்ந்தது என்று தீர்ப்பளிக்க முடியாது. வேறுபடுவது ஒலியின் குணம். எலக்ட்ரானிக் சைரனின் ஆம்ப்ளிபையர் பெரும்பாலும் செவ்வக வடிவ அலையைத் தருகிறது. அதன் மேல்நிலைச் சுருதிகள் கூர்மையானவை, ஸ்பீக்கரின் கொம்போ கீழ்ச்சுருதிகளை நன்றாக வெளியே விடாது. மோட்டார் சைரன் தன் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மிகத் தாழ்ந்த சுருதிகளைக் கடந்து செல்கிறது. தாழ்ந்த ஒலி காரின் தகட்டையும் கண்ணாடியையும் ஊடுருவுவதில் கூர்மையான ஒலியைவிடத் திறமையானது. ஓய்வுபெற்ற ஐயா நெஞ்சில் தட்டும் என்று சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. அது வெறும் பழைய பாசம் அன்று. அண்மைக் காலத்தில் எலக்ட்ரானிக் சைரன்காரர்களும் இதைப் புரிந்துகொண்டு, சைரன் ஒலியின் அதிர்வெண்ணை நான்கில் ஒரு பங்காகத் தாழ்த்தித் தனி ஸ்பீக்கர் வழியாக விடும் ரம்ப்ளர் போன்ற கருவிகளைக் கொண்டுவந்தார்கள். முன்னால் நிற்கும் காரின் இருக்கையும் கண்ணாடியும் அதில் அதிரும்.

அடுத்தது, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிவது. மீனாட்சிபுரத்தில் ஓட்டுநர்கள் குழம்பி நின்றதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நம் மூளை இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டையும் வலிமை வேறுபாட்டையும் ஒப்பிட்டுத் திசையைக் கணிக்கிறது. தாழ்ந்த ஒலியில் நேர வேறுபாடும் உயர்ந்த ஒலியில் வலிமை வேறுபாடும் உதவுகின்றன. இடையில் உள்ள 1,500 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியில் இரண்டுமே பலவீனம். சைரனின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த இடத்துக்கு அருகில்தான் இருக்கிறது. பல அதிர்வெண்கள் கலந்த இரைச்சலின் திசையை நாம் எளிதில் கண்டுபிடிப்போம். பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா விதிங்டன் இதை ஆராய்ந்து, சைரன் ஒலிக்கு நடுவே இரைச்சல் துணுக்குகளைச் சேர்த்தால் ஓட்டுநர்கள் திசையைச் சரியாக அறிகிறார்கள் என்று காட்டினார். அத்தகைய ஒலியை மோட்டார் சைரனில் சேர்க்க வழியில்லை. எலக்ட்ரானிக் சைரனில் அது ஒரு கூடுதல் டோன், அவ்வளவே.

ஒலியை மாற்றும் வசதியும் எலக்ட்ரானிக் பக்கத்தில்தான் இருக்கிறது. வெய்ல் என்னும் நீண்ட ஓலம் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை ஏறி இறங்கும். யெல்ப் என்னும் குறுகிய ஓலம் 150 முதல் 250 முறை. நேர்ச்சாலையில் நீண்ட ஓலம் போதும். சந்திப்பை நெருங்கும்போது குறுகியதற்கு மாற்ற வேண்டும், ஏனெனில் மூன்று நொடி அவகாசம் மட்டுமே உள்ள ஓட்டுநருக்கு நீண்ட ஓலத்தின் தாழ்ந்த பகுதி மட்டும் காதில் விழுந்து போகக்கூடும். அரசு வண்டியோடு உங்கள் வண்டியும் அடுத்தடுத்துச் செல்லும்போது இரண்டிலும் வேறு வேறு டோன்கள் ஒலிக்க வேண்டும். ஒரே டோன் என்றால், முதல் வண்டி கடந்ததும் ஒலியும் கடந்துவிட்டது என்று எண்ணி, ஒதுங்கியவர் மீண்டும் சாலைக்கு ஏறிவிடுவார். இரண்டாவது வண்டி அவர்மேல் வந்து நிற்கும்.

மில்லின் சங்கு வயல்களைத் தாண்டிக் கேட்பதை வண்டிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கூரை உயரத்தில் இருக்கிறது, மின்வாரிய இணைப்பில் ஓடுகிறது, அமைதியான வயலில் நிற்பவர்தான் அதைக் கேட்கிறார். அதோடு நம் கணவாயில் காற்றும் ஒரு கட்சி. காற்று வீசும் திசையில் செல்லும் ஒலி தரையை நோக்கி வளைகிறது. காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டருக்கு அப்பால் தரையில் நிற்பவரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. அம்மியும் பறக்கும் ஆடி மேல்காற்றில், மில்லுக்கு மேற்கே இருக்கும் ஊருக்குச் சங்கு கேட்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். வண்டிச் சைரனுக்கு முக்கியமான 50 மீட்டருக்குள் இந்த வளைவு பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் இரைச்சலும் தென்னை ஓலைகளின் சலசலப்பும் மட்டும் சற்றுக் குறுக்கிடும்.

கேபினுக்குள் இருப்பவர்களின் காது பற்றி ஐயா எழுதியதை அலட்சியம் செய்ய வேண்டாம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம் மட்டுமே. அங்கே தீயணைப்பு வீரர்கள் செவித்திறன் இழப்புக்காகச் சைரன் தயாரிப்பாளர்கள் மீது வழக்குத் தொடுத்த வரலாறும் உண்டு. சைரனை முடிந்தவரை தாழ்வாகவும் முன்னால் தள்ளியும் வைக்க வேண்டும் என்று அந்த நாட்டின் தீயணைப்பு வாகனத் தரநிலை கூறுவது இதனால்தான்.

என் தனிப்பட்ட கருத்து: உங்கள் வண்டிக்கு எலக்ட்ரானிக் சைரனே பொருத்தம். ஆனால் கூரையில் ஒற்றை ஸ்பீக்கராக அல்லாமல், முன் பம்பரில் இரண்டாக.

---

கொழிஞ்சாம்பாறை நார்மில்காரர் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயாவின் 50 மீட்டர் கணக்கை வாட்ஸ்அப்பில் பங்காளிக்கு அனுப்பினேன். அவர் அரை மனதோடு இறங்கி வந்திருக்கிறார். தாழ்ந்த ஒலி தரும் கருவியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொது முடிவு. இனி இரண்டு ஐயங்கள் உள்ளன. தனியார் வண்டியில் சைரனை வைத்துச் சாலையில் ஒலிக்க எங்களுக்கு உரிமை உண்டா? கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் ஒரு மில்லுக்கு உதவப் போனால் நிலைமை மாறுமா?

---

வாகனப் பதிவு ஆலோசகர், சித்தூர் எழுதியது:

எல்லையைத் தாண்டுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி நாடு முழுவதும் செல்லும். முதல் கேள்விதான் கவனத்துக்கு உரியது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி, பல சுருதிகளை மாறி மாறி எழுப்பும் ஒலிக்கருவிகளைப் பொதுவாகத் தடைசெய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்புப் பணி வாகனங்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஒலியைப் பதிவு அதிகாரி ஏற்றிருக்க வேண்டும். உங்கள் வண்டி இப்போது சரக்கு லாரியாகவே பதிவில் இருக்கும். தொட்டியும் பம்பும் ஏற்றுவது வண்டியின் அமைப்பை மாற்றுவது என்பதால் 52ஆம் பிரிவின்படி முதலில் ஒப்புதல் பெற்று, பதிவுச் சான்றில் வகையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் சைரனை மட்டும் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கினால், தீயணைக்கத்தான் போனோம் என்று வழியில் மறித்தவரிடம் வாதாடுவதில் பொழுது போய்விடும். விளக்குக்கும் இதே கதை. 2017 மே மாதத்திலிருந்து சுழல்விளக்கு அவசரப் பணி வாகனங்களுக்கு மட்டும்தான்.

வகை மாற்றம் முடிந்துவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் தீயணைப்பு வண்டிக்கு ஆம்புலன்ஸுக்கும் முன்னால் முன்னுரிமை தருகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 194இ பிரிவின்படி, அவசரப் பணி வாகனத்துக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதற்காக ஒத்திகைக்கும் டீசல் போடப் போவதற்கும் சைரனை அழுத்திவிடாதீர்கள். அவசரம் இல்லாத வேளையில் அதை ஒலிக்க விதிமுறை அனுமதிப்பதில்லை. மில் பையன்களிடம் சாவியைக் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிடுவது நல்லது.

---

வேலந்தாவளம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எழுதியது:

அண்ணா, பம்பரில் ஸ்பீக்கரை வைக்கும்போது வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள்; நேராக வைத்தால் மழைநீர் கொம்புக்குள் தேங்கி, ஒலி எழுப்பும் டயாபிரம் என்னும் மெல்லிய தகட்டைக் கெடுத்துவிடும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமலும் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரின் கூட்டல் கழித்தல் முனைகள் ஒரே வகையில் இணைந்திருக்க வேண்டும். ஒன்று மாறிப்போனால் நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பங்காளியின் மனதையும் நோகடிக்க வேண்டாம். அவர் ஆசைப்பட்ட மோட்டார் சைரனை மில் கூரையில் மூன்று பேஸ் இணைப்பில் வைத்து, பக்கத்து மில்காரர்களையும் தோப்பில் வேலை செய்பவர்களையும் அழைக்கப் பயன்படுத்துங்கள். மின்சாரத்துக்குப் பஞ்சமில்லாத இடம் அது. ஒரே இடர், தீப்பிடித்த நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படக்கூடும். கையால் சுற்றும் சைரன் ஒன்றையும் வாங்கி வாயிற்காவலர் அறையில் வையுங்கள்.

---

ஓய்வுபெற்ற டிரைவர் மெக்கானிக், பொள்ளாச்சி எழுதியது:

கூரைச் சைரன் நல்ல யோசனை. ஆனால் ஷிப்ட் சங்கும் தீச்சங்கும் ஒரே மாதிரி ஒலித்தால் ஆட்கள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஷிப்டுக்கு ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஒருமுறை ஒலிக்கட்டும். தீ என்றால், சுவிட்சை விட்டு விட்டு அழுத்தி, ஏறி இறங்கும் ஓலமாக விடாமல் ஒலிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தமிழிலும் மலையாளத்திலும், வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் எழுதிக் களத்தின் வாசலில் ஒட்டிவிடுங்கள்.

வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். வகை மாற்றம் ஆகும் வரை சாலையில் ஒலிக்க முடியாது என்பதால் அதை மில் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். 50 மீட்டர் முன்னால் ஒரு காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யையும் பாட்டையும் போட்டு உள்ளே ஒருவரை உட்கார வையுங்கள். சைரனை எப்போது ஒலிக்கப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள். கேட்டதும் அவர் கையைத் தூக்கட்டும். பிறகு அதே காரை ஷெட்டின் மூலைக்கு அந்தப் பக்கம் குறுக்கே நிறுத்தி, வெய்லிலும் யெல்ப்பிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் பங்காளியையே அந்தக் காருக்குள் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.